முப்பத்திரண்டு பழைய பேட்டரிகளும் ஒரு காதுகுத்தும்

பூவரசங்கொல்லை,
ஆலங்குடி வழி.
22.6.2025

தம்பி அருள்மணிக்கு,

நீ சௌக்கியமா என்று கேட்கமாட்டேன். போன செவ்வாய்க்கிழமை திருமயம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் நின்று நீ நாலாவது பரோட்டாவுக்குச் சால்னா கேட்டதை நம் ஊர் ஆள் ஒருத்தர் பார்த்துவிட்டு வந்து சொன்னார். அக்காவோடு பேச்சு நின்றுபோன துக்கத்தில் தம்பி இளைத்துக் கிடப்பான் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

கடிதம் எழுதிப் பதினைந்து வருஷம் இருக்கும். போஸ்ட் ஆபீஸில் இன்லண்டு கேட்டால் அங்கே இருக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்க்கிறது. வேறு வழி? வைகாசித் திருவிழாவில் ஐயனார் கோயில் வாசலில், ஊரே பார்க்க, "இனிமே எங்கக்கா கூட ஒரு வார்த்தை பேசமாட்டேன்" என்று எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணியவன் நீ. நான் மட்டும் இளைத்தவளா? நானும் என் பங்குக்கு ஒரு சூடத்தை அணைத்தேன். உள்ளங்கை கொப்பளித்து நாலு நாள் சோறு பிசைய முடியவில்லை. அது போதாதென்று என் நம்பரையும் பிளாக் பண்ணிவிட்டாய். உன் மச்சானிடம் சொல்லி அனுப்பலாம் என்றால், "ஒங்க ரெண்டு பேரு சண்டைக்கு நான் தபால்காரன் இல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டார். கடைசியில் பூசாரியிடம் கேட்டேன். பேசமாட்டேன் என்றுதானே சத்தியம், எழுதினால் ஐயனார் கோபித்துக்கொள்ளமாட்டார் என்றார்.

விஷயத்துக்கு வருகிறேன். அழகிக்கு ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை, காது குத்துகிறோம். நம் ஐயனார் கோயிலில்தான். ஐயனாருக்குப் பொங்கல், கருப்பருக்குக் கிடா. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அவளுக்கு இருக்கிற தாய்மாமன் நீ ஒருத்தன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கு இருப்பதும் நீ ஒருத்தன்.

நான் செய்தது பெரிய குற்றம் என்று அன்றைக்குக் குதித்தாயே, அதையும் கேட்டுக்கொள். கடையில் இடம் இல்லை என்று, ஜனங்கள் புதுசு வாங்கும்போது கொடுத்துவிட்டுப் போன செத்த பேட்டரிகளை ஒரு வருஷமாக என் கீற்றுக் கொட்டகையில் அடுக்கினவன் நீ. முப்பத்திரண்டு. அடுத்த வாரம் கம்பெனி வண்டி வந்துவிடும் என்று எத்தனை அடுத்த வாரம் சொன்னாய்? சிமெண்டுத் தரை பொரிந்துபோனது. என் நைட்டியில் விழுந்த ஓட்டையில் விரல் போகும். கொட்டகை ஓரத்துக் கறிவேப்பிலை நின்ற நிலையில் காய்ந்தது. காதுகுத்துச் சமையலுக்கு அந்தக் கொட்டகையைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். பழைய இரும்புக்காரர் மினி வண்டியில் மைக் போட்டுக்கொண்டு வந்தார். அள்ளிப்போகச் சொல்லிவிட்டேன். பதிலுக்கு இரண்டு அண்டாவும் ஒரு நீல டிரம்மும் கொடுத்தார். ஒரு வருஷம் வராத உன் வண்டி சரியாக மறுநாள் வந்து நின்றதற்கு நானா பொறுப்பு?

பெரியப்பா மகன் ரகுநாத் இப்போதே பட்டு வேட்டி எடுத்துவிட்டான். மாமன் முறைக்கு நானும் ஆள்தானே என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அவன் மடியில் என் மகளை உட்கார வைக்க எனக்கு மனசு இல்லை. வீம்பை விட்டுவிட்டு வந்து சேர்.

சுகுணா

&nbsp;

திருமயம்,
26.6.2025

அக்காவுக்கு அருள்மணி எழுதுவது.

நாலு இல்லை, மூன்று பரோட்டா. உளவு சொல்கிறவரைச் சரியாக எண்ணச் சொல்.

நீ அள்ளிக் கொடுத்தது பழைய இரும்பு இல்லை அக்கா. ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் ஈயத் தகடும் ஆசிடும் இருக்கின்றன. சரியான ஆலைக்குப் போனால் அந்த ஈயம் முக்கால்வாசிக்கு மேல் மறுபடி புது பேட்டரியாகத் திரும்பி வந்துவிடும். இன்வெர்ட்டருக்கும் டிராக்டருக்கும் மீன்பிடிப் படகுக்கும் அதே ஈயம்தான் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. தப்பான ஆள் கையில் சிக்கினால் கோடாலியால் உடைத்து, ஆசிடை மண்ணில் கொட்டி, தகட்டை அடுப்பில் போட்டு உருக்குவான். அந்தப் புகையும் தூசியும் இலையில் படியும், மழையில் கரைந்து குளத்துக்குப் போகும், பிள்ளைகள் உடம்பில் ஏறும். ஏறினால் லேசில் இறங்காது. படிப்பு ஏறாது, வயிறு வலிக்கும், ரத்தம் சுண்டும். போன வருஷம் திருச்சியில் டீலர்களுக்குக் கூட்டம் போட்டு ஒரு டாக்டரம்மா படம் காட்டினார். அன்றைக்கு மத்தியானம் பிரியாணி. எனக்கு இறங்கவில்லை. நீ நம்பமாட்டாய், ஆனால் உண்மை.

அதற்குப் பிறகுதான் ஒன்றுவிடாமல் சேர்த்து வைக்க ஆரம்பித்தேன். ஒரு லோடு சேர்ந்தால்தான் வண்டி வரும். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டால் நம்பர் போட்டு உன் கொட்டகையில் அடுக்கினேன். வண்டியைக் கூட்டிக்கொண்டு பெருமையாக வந்து இறங்கினால் கொட்டகையில் இரண்டு அண்டா உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தரை பொரிந்ததும் கறிவேப்பிலை காய்ந்ததும் என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த முப்பத்திரண்டும் எந்த ஊர்ப் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் உடைபடுகிறதோ தெரியாமல், நான் அங்கே வந்து மாலை போட்டுக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்க முடியாது. அவை எங்கே என்று காட்டு. காட்டினால் ஆவணி பன்னிரண்டு காலையில் முதல் ஆளாக நிற்பேன். காட்டாவிட்டால் ரகுநாத்தின் பட்டு வேட்டி வீணாக வேண்டாம்.

அழகி சாப்பிடுகிறாளா?

அருள்மணி

&nbsp;

பூவரசங்கொல்லை,
1.7.2025

வீம்பு பிடித்தவனுக்கு,

காட்டுகிறேன். தலைகீழாக நின்றாவது காட்டுகிறேன்.

சாப்பிடுகிறாள். மாமா ஏன் வரவில்லை என்று கேட்டாள். மாமாவுக்கு வாயில் புண் என்று சொல்லியிருக்கிறேன்.

சுகுணா

&nbsp;

பூவரசங்கொல்லை,
13.7.2025

தம்பிக்கு,

பத்து நாளாக ஆலங்குடிப் பக்கம் மைக் கட்டின வண்டி எது போனாலும் மொபெட்டில் விரட்டிக்கொண்டு போனேன். ஐஸ்காரன், உப்புக்காரன், கோலமாவு விற்கிறவன், எல்லோரையும் நிறுத்திவிட்டேன். ஊரில் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பேச்சு. ஒன்பதாம் நாள் அந்தக் குரல் காதில் விழுந்தது. பதிவு பண்ணி வைத்த அதே பெண் குரல், அதே இழுப்பு. வண்டிக்குக் குறுக்கே மொபெட்டைப் போட்டேன்.

ஆள் பேர் குழந்தைசாமி. ஒடிந்து விழுகிற உடம்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டே பேசுகிறார், பேச்சுக்கு நடுவில் சோடா குடிக்கிறார். நான் இரண்டு அண்டாவையும் டிரம்மையும் திருப்பித் தருகிறேன், என் பேட்டரியை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். மழுப்பினார். அப்புறம் அவர் வண்டியிலேயே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். காட்டுகிறவரைக்கும் இறங்கமாட்டேன் என்றேன். பாவம், என்னை இறக்கிவிட முடியாமல்தான் கூட்டிக்கொண்டு போனார்.

முந்திரிக்காட்டுக்குள் ஒரு மைல் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினார். அருளு, அந்த இடத்தை எப்படிச் சொல்வது? முந்திரி இலையெல்லாம் சாம்பல் அப்பியிருக்கிறது. தரையில் ஒரு புல் இல்லை. பெரிய பள்ளம், பக்கத்தில் காற்று ஊதுகிற மோட்டார் வைத்த அடுப்பு. பள்ளத்திலிருந்து ஒரு வாய்க்கால் மாதிரி வெள்ளையாகக் கோடு கிழித்துக்கொண்டு குளத்துப் பக்கம் இறங்குகிறது. நாக்கில் பைசாவை வைத்த மாதிரி ஒரு ருசி, வாயைத் திறக்காமலே வருகிறது. இங்கே உருக்கிக் கட்டியாக்கி யாரோ வெளியூர்க்காரன் வந்து எடுத்துப் போகிறானாம். பேர் கேட்டால் குழந்தைசாமிக்கும் தெரியவில்லை. உங்களுக்கு வயிறு எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும் என்றார். அந்த மனுஷன் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது.

உன் வெள்ளைப் பெயிண்டு நம்பரைத் தேடினேன். பத்தொன்பது முழுசாக இருக்கிறது. பதின்மூன்று உடைந்துபோனது. இதோடு நிறுத்திவிட்டு, ஜெயித்துவிட்டேன் வாடா என்று எழுதியிருப்பேன். ஆனால் பள்ளத்துக்கு அங்கிட்டு உடைத்துப் போட்ட ஓடுகள் மலையாகக் கிடந்தன. மஞ்சள் ஸ்டிக்கர். சிவப்பு எழுத்து. 'அருள்மணி பேட்டரீஸ், திருமயம்.' பக்கத்தில் உன் போட்டோ. கடை திறந்த வருஷம் எடுத்தது, மீசையை முறுக்கிக்கொண்டு சிரிப்பாயே, அது.

எண்ணினேன். நூற்று எண்பது வரை எண்ணிவிட்டு விட்டுவிட்டேன். ஒன்றில்கூடப் பெயிண்டு நம்பர் இல்லை. அதில் ஒன்றுகூட நான் கொடுத்தது இல்லை தம்பி. நூற்று எண்பது அருள்மணி அந்த மண்ணில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இதற்கு என்ன சொல்கிறாய்?

சுகுணா

&nbsp;

திருமயம்,
17.7.2025

அக்கா,

முதலில் நான் சொல்கிற காரியத்தைச் செய். அங்கே கட்டிக்கொண்டு போன சேலையைத் தனியாக அலசு, மற்ற துணியோடு சேர்க்காதே. செருப்பை வாசலுக்கு வெளியே வை. அந்த இடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதே. அழகியைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போய், ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என டாக்டரிடம் சொல். கொட்டகையில் அவள் எத்தனை நாள் விளையாடியிருப்பாள். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், அவை நான் கொடுத்தவை. கடை ஆரம்பித்த நாளிலிருந்து திருச்சிக் கூட்டத்துக்குப் போகிறவரை நாலு வருஷம், பழசு கேட்டு யார் வண்டி நிறுத்தினாலும் தூக்கிக் கொடுத்தேன். எங்கே கொண்டுபோகிறாய் என்று ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. புதுசை விற்பதில்தான் கண். பழசு கடையைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தேன். நீ செய்ததை ஒரு நாள் செய்தாய். நான் நாலு வருஷம் செய்தேன். அதை மறைத்துக்கொண்டு உன்னிடம் போய்ச் சூடம் அணைத்தேன் பார்.

கூட்டத்தில் அந்த டாக்டரம்மா காட்டின படத்தில் ஒரு பெண் குழந்தை. அழகி வயசு. அப்போதே எனக்குள் ஒரு பயம், இது நம்மால்தானோ என்று. அதை யாரிடமும் சொல்லவில்லை. உன் மேல் கோபப்பட்டால் அது கொஞ்ச நேரம் அடங்கியது. அவ்வளவுதான் உண்மை.

காதுகுத்துக்கு ரகுநாத்தை உட்கார வை. நான் கோபத்தில் சொல்லவில்லை. நல்ல காரியத்தில் அந்தக் குழந்தையை மடியில் வாங்க எனக்கு யோக்கியதை இல்லை.

அருள்மணி

&nbsp;

பூவரசங்கொல்லை,
24.7.2025

டேய் அருளு,

முதலில் நல்ல சேதி. புதுக்கோட்டையில் ரத்தம் எடுத்தார்கள். ஊசி போட்ட நர்சைக் கடிக்கப் போய்விட்டாள் உன் மருமகள். நேற்று ரிசல்ட் வந்தது. பயப்பட ஒன்றும் இல்லை, கீரை, பால், முட்டை நன்றாகக் கொடுங்கள், ஆறு மாதம் கழித்து இன்னொரு தரம் பார்ப்போம் என்றார் டாக்டர். நான் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். உன் மச்சான் எனக்கு டீ வாங்கப் போகிறேன் என்று போய், தனியாக நின்று அழுதுவிட்டு, டீ வாங்காமலே திரும்பி வந்தார்.

கையோடு குழந்தைசாமியையும் அங்கேயே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அவருக்கு நிறைய இருக்கிறது. மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள்.

அடுத்த சேதி. நூறு நாள் வேலையில் எங்கள் கூட்டத்தை மேற்பார்வை பார்க்கிற ராக்காயி அக்காவிடம் முந்திரிக்காட்டுக் கதையைச் சொன்னேன். மறுநாள் காலையில் இருபத்தாறு பெண்கள் குடையும் தூக்குவாளியுமாகப் போய்ப் பள்ளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம். அடுப்புக்காரன்கள் மூன்று பேர் வந்தான்கள், ராக்காயி அக்கா எழுந்து நின்று இடுப்பில் கையை வைத்ததைப் பார்த்தான்கள், வந்த வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவன்கள்தான். பத்து மணிக்குத் தூக்குவாளியைத் திறந்து பழைய சோற்றைப் பிசைந்தபோதுதான் உன் கடிதம் நினைவுக்கு வந்தது. யாரும் ஒரு வாய் வைக்காதீர்கள் என்று கத்தினேன். இருபத்தாறு பேரும் எழுந்து அரை மைல் நடந்து, கை கால் கழுவி, அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தோம். போராட்டத்தில் இப்படி ஒரு இடைவேளை விட்டது நாங்களாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் தாசில்தார் ஆபீஸிலிருந்தும் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்தும் வந்து பார்த்தார்கள். அடுப்பைப் பிரித்து சீல் வைத்தார்கள். மண்ணைப் பரிசோதனைக்கு எடுத்துப் போயிருக்கிறார்கள். எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று சொல்வார்களாம். மேல் மண்ணை எடுத்து அதற்கென்று அனுமதி உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும், பேட்டரிக் கம்பெனிக்காரர்களும் உதவ வேண்டும் என்றார்கள்.

இப்போது உனக்கு. யோக்கியதையாம், யோக்கியதை. உன்னை மாதிரித் தப்புச் செய்தவன் எல்லாம் மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தால் அந்த மண்ணை யார் அள்ளுவது? ரகுநாத்தா, பட்டு வேட்டியோடு? உன் கம்பெனிக்கு நீயே எழுது, நீயே வண்டியைக் கூட்டிக்கொண்டு வா. வருகிற திங்கட்கிழமை கடையைச் சாத்து. கை உறை, பூட்சு, முகமூடி, சுண்ணாம்பு மூட்டை, எல்லாம் கொண்டு வா. அழுவதாக இருந்தால் முகமூடிக்குள் அழு, யாருக்கும் தெரியாது.

உன் அக்கா

&nbsp;

திருமயம்,
8.8.2025

அக்கா,

வேலை முடிந்து நேற்றுதான் கடையைத் திறந்தேன். உடம்பெல்லாம் வலி. ஆனால் இந்த மாதிரி வலித்து இப்படிச் சந்தோஷமாக இருந்தது இல்லை.

பத்து நாளும் நீ எதிரிலேயே நின்றாய், நான் எழுதுவதில் உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. இருந்தாலும் எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ மச்சானிடம், "அந்தத் தம்பிய மொகமூடிய மூக்குக்கு மேல கட்டச் சொல்லுங்க" என்றாய். நான் உனக்கு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு, "அந்தம்மாவ எல்லைக் கயித்துக்கு அங்கிட்டு போகச் சொல்லுங்க" என்று மச்சானிடம் சொன்னேன். மச்சான் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்துச் சுளுக்கிக்கொண்டார். தபால்காரன் இல்லை என்று சொன்ன மனுஷன்தான். மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ் அதிகாரி நமக்குள் சொத்துத் தகராறு என்று நினைத்து, மூன்றாம் நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கூடப்பொறந்தவங்கள கோர்ட்டுக்கு இழுக்காதீங்க சார்" என்று அறிவுரை சொன்னார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினேன். தூசி ஏறிவிட்டது என்று எனக்குத் தண்ணீர் கொடுக்க ஓடினார்கள்.

முழுசாக இருந்த பத்தொன்பதும் கம்பெனி ஆலைக்குப் போய்விட்டன. உடைந்தவற்றின் ஓடும், கட்டியாகக் கிடந்த ஈயமும் தனியாகப் போயின. அந்த நூற்று எண்பது ஸ்டிக்கரையும் மூட்டை கட்டியது நான்தான். கம்பெனி ஆட்கள் செய்கிறேன் என்றார்கள், நான் விடவில்லை. அளந்து குறித்த ஆழத்துக்கு மண்ணை எடுத்தாயிற்று. ஆசிட் ஊறின இடத்தில் சுண்ணாம்பு போட்டாயிற்று. குளத்துத் தண்ணீரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பார்களாம். இதுவரை எடுத்ததில் குளம் வரை இறங்கவில்லை என்றார்கள். நல்ல வேளை, இந்த வருஷம் கோடை மழை ஏமாற்றியது. மழை ஏமாற்றியதற்காக நான் சாமி கும்பிட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

திருமயத்தில் நாங்கள் ஏழு கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கொட்டகை பிடித்திருக்கிறோம். தரைக்கு ஆசிட் தாங்குகிற தட்டுகள் போட்டு, பழசை நிமிர்த்தி அடுக்கி, மாதம் ஒரு லோடு அனுப்பப் போகிறோம். வீடு வீடாகப் போய் எடுத்து வருவதற்கு ஆள் குழந்தைசாமிதான். உடைக்கிற வேலை இனி கிடையாது. தூக்கி இறக்குவதற்குக்கூட வேறு ஆள், அவர் வண்டி மட்டும் ஓட்டுவார். மைக்கில் புதுப் பதிவு போட்டிருக்கிறார், பேசுவது அவர் சம்சாரம். 'ஒடைக்காதீங்க, ஊத்தாதீங்க, எங்ககிட்டயே குடுங்க' என்று அந்த இழுப்போடு கேட்டால் நீயே ஓடி வந்து கொடுப்பாய்.

காதுகுத்தைப் பற்றி நீ கேட்கப் போகிறாய். வருகிறேன். கிடா வெட்டுக்கும் பந்தி பரிமாறவும் வருகிறேன். மடியை மட்டும் இன்னும் கேட்காதே. மண்ணை அள்ளினேன், மனசில் இருப்பது இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

அருளு

&nbsp;

பூவரசங்கொல்லை,
12.8.2025

தம்பி,

பந்தி பரிமாற ஆள் இருக்கிறார்கள். மாமன்தான் இல்லை.

பூசாரியிடம் சத்தியத்தை எப்படி முறிப்பது என்று கேட்டேன். முதலில் வாய் திறக்கிறவர் ஐயனாருக்கு ஒரு மண்குதிரை எடுத்து வைக்க வேண்டுமாம். குதிரைக்குப் பயந்து இல்லை, ஆனாலும் சொல்கிறேன், முதலில் பேசுவது நானாக இருக்கமாட்டேன். சூடத்தை முதலில் அணைத்தவன் நீ. வாயை முதலில் திறக்க வேண்டியதும் நீதான்.

அழகி தினமும் உன் மச்சான் மடியில் ஏறி உட்கார்ந்து காதைப் பிடித்துக்கொண்டு, இப்படித்தான் மாமா மடியில் உட்காருவேன் என்று ஒத்திகை பார்க்கிறாள். மாமா பந்தியில் ரசம் ஊற்றிக்கொண்டிருப்பார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உனக்குத் தைரியம் இருந்தால் நீயே வந்து சொல்லிக்கொள்.

சுகுணா

&nbsp;

திருமயம்,
31.8.2025

அக்கா,

நேற்று மட்டும் ஒன்றரை மணி நேரம் ஃபோனில் பேசியிருக்கிறோம். ரகுநாத் பட்டு வேட்டியில் கிடாக் குழம்பு கொட்டியதையே நீ மூன்று தரம் சொன்னாய், நான் மூன்று தரமும் சிரித்தேன். குதிரை யார் பேரில் வைப்பது என்று சண்டை போட்டு, கடைசியில் ஆளுக்கு ஒன்று என்று முடிவு பண்ணினோம். அழகி ஃபோனைப் பிடுங்கி, காது வலிக்கவே இல்லை என்று பொய் சொன்னாள். அவள் போட்ட கத்தலில் என் காதுதான் இன்னும் சரியாகவில்லை. இனிமேல் நமக்குள் கடிதம் எதற்கு? ஆனால் ஒன்றை வாயால் சொல்ல வரவில்லை. நேற்றே இரண்டு முறை ஆரம்பித்து வேறு எதையோ பேசிவிட்டேன். அதனால் இது ஒன்று மட்டும்.

அன்றைக்குக் காலையில் நான் வந்ததை நீ பார்த்தாய், பார்க்காத மாதிரி பொங்கல் பானைப் பக்கம் திரும்பிக்கொண்டாய். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு அழகி ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தூக்கச் சொல்லிக் கையை விரித்தாள். நான் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற குழாயடிக்குப் போனேன்.

சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடி போட்டேன். முந்திரிக்காட்டு வேலை முடிந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, அன்றையிலிருந்து எத்தனையோ தரம் குளித்தாயிற்று. கையில் ஒன்றும் இல்லை என்று எனக்கே தெரியும். இருந்தும் நகத்துக்குள் இருக்கிறதோ, ரேகையில் இருக்கிறதோ என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். பம்பை அடிப்பது கேட்டது. காது குத்துகிற ஆசாரி, "மாமன் எங்க, மாமன் எங்க" என்று இரண்டு தரம் கூப்பிட்டார். நான் எங்கேயோ போய்விட்டேன் என்று யாரோ சொல்ல, ரகுநாத் வேட்டியைச் சரி பண்ணிக்கொண்டு நாற்காலிப் பக்கம் வருவது சுவர் ஓரத்தில் தெரிந்தது. சரி, அவனே உட்காரட்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு நாலாவது தரம் சோப்பை எடுத்தேன்.

அப்போது குழாயை ஒரு கை மூடியது. நீ பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் நின்றாய். எண்பத்திரண்டு நாள் கழித்து என் முகத்தைப் பார்த்து என்னிடம் பேசினாய். "போதும்டா. கை சுத்தமாத்தான் இருக்கு. வந்து புள்ளையத் தூக்கு" என்றாய்.

வந்து தூக்கினேன்.

உன் தம்பி
அருளு